எச்.ஐ.வி. பயமா? முதலில் தேதியைப் பாருங்கள்

இரவு இரண்டு மணி. எல்லோரும் தூங்கிவிட்டார்கள். ஒருவர் மட்டும் குளியலறை விளக்கைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறார். நாக்கை நீட்டிப் பார்க்கிறார். தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்து அழுத்துகிறார், நெறி கட்டியிருக்கிறதா என்று. நேற்று இல்லாத ஏதோ ஒன்று இன்று இருப்பதுபோலத் தோன்றுகிறது. ஐந்து நாளுக்கு முன்னால் ஆணுறை இல்லாமல் ஒருவரோடு உறவு கொண்டார். அன்றிலிருந்து ராத்திரி ஆனால் இதே வேலைதான்.

இவர் தேடும் பதில் கண்ணாடியில் இல்லை. ஐந்தாம் நாளில் அது ரத்தத்திலும் இருக்காது. அது எந்த நாளில் ரத்தத்துக்கு வரும், எந்தப் பரிசோதனை அதைப் பிடிக்கும் என்பதை ஏறக்குறைய நாள் குறித்தே சொல்லிவிடலாம். இது பரவலாகத் தெரியாததால்தான் பலர் மறுநாளே டெஸ்ட் எடுத்துவிட்டு 'தப்பித்தேன்' என்கிறார்கள். வேறு சிலர் ஒரு வருடம் கழித்தும், பத்து டெஸ்ட் எடுத்த பிறகும் தூங்காமல் கிடக்கிறார்கள். இரண்டுமே தேவையில்லாத துன்பம்.

## 72 மணி நேரம் தாண்டவில்லையா? இதை மட்டும் படித்துவிட்டுக் கிளம்புங்கள்

நீங்கள் பயப்படும் சம்பவம் நடந்து மூன்று நாள், அதாவது 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் மீதிக் கட்டுரையை அப்புறம் படித்துக்கொள்ளலாம். இப்போதே ஒரு மருத்துவமனைக்குப் போய், "எச்.ஐ.வி. தொற்று வந்திருக்குமோ என்று பயப்படும்படி ஒன்று நடந்தது, எனக்கு பெப் மருந்து தேவையா?" என்று கேளுங்கள். பெப் என்பது வைரஸ் உடம்புக்குள் நிலைகொள்வதற்கு முன்பே அதைத் தடுக்க 28 நாள் தொடர்ந்து சாப்பிடும் மாத்திரை. நாளைக் காலையில் போகலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டாம் மணி நேரத்தில் தொடங்குவதும் எழுபதாம் மணி நேரத்தில் தொடங்குவதும் ஒன்றல்ல.

நடந்தது உங்கள் சம்மதம் இல்லாமல் நடந்ததாக இருந்தால், அது உங்கள் குற்றமில்லை. அப்போதும் இதே மருந்து, இதே அவசரம்தான். முடிந்தால் நம்பிக்கையான ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.

கர்ப்பமாகும் வாய்ப்பு இருந்தால் அவசரக் கருத்தடை மாத்திரையையும் அதே இடத்தில் கேட்டுவிடுங்கள். அதற்கு ஐந்து நாள் வரை நேரம் உண்டு. அதையும் எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது.

## எச்.ஐ.வி. வேறு, எய்ட்ஸ் வேறு

இந்த இரண்டு சொல்லையும் ஒன்றாகவே பேசிப் பேசிப் பயத்தை இரண்டு மடங்கு ஆக்கிவிட்டோம். எச்.ஐ.வி. என்பது ஒரு வைரஸ். நம் உடம்பில் நோயை எதிர்க்கும் வேலையைச் செய்கிற வெள்ளையணுக்களில் சி.டி.4 என்று ஒரு வகை உண்டு. அவை படைக்குக் கட்டளை கொடுக்கும் தளபதிகள் மாதிரி. இந்த வைரஸ் குறிவைப்பது அவற்றைத்தான். சிகிச்சையே இல்லாமல் பல வருடம் விட்டால் தளபதிகள் குறைந்து, சாதாரணக் கிருமிகூட ஆளைச் சாய்த்துவிடும் நிலை வரும். அந்தக் கடைசி நிலைக்குப் பெயர்தான் எய்ட்ஸ். மருந்தே எடுக்காதவர்களுக்கு அங்கே போய்ச் சேரப் பெரும்பாலும் 8 முதல் 10 வருடம் ஆகும். மருந்தைச் சரியாக எடுக்கிறவர்களில் பெரும்பாலோர் அந்த இடத்துக்குப் போவதே இல்லை.

1981-இல் இந்த நோய் முதன்முதலாகப் பதிவானபோது அதற்குக் காரணம் என்னவென்றே யாருக்கும் தெரியாது. 1983-இல் பாரிசில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுக் மோன்டானியே ஆகியோரின் குழு வைரஸைக் கண்டுபிடித்தது. அந்தக் கண்டுபிடிப்புக்காக இருவருக்கும் 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. ரத்தப் பரிசோதனை 1985-இல் வந்துவிட்டது. நல்ல கூட்டு மருந்து வர 1996 வரை ஆனது. நம் மனதில் இன்றும் உட்கார்ந்திருக்கும் எலும்பும் தோலுமான படம் அந்த இடைப்பட்ட வருடங்களில் பதிந்தது. மருத்துவம் எவ்வளவோ தூரம் வந்துவிட்டது. நம் பயம் மட்டும் இன்னும் அங்கேயே நிற்கிறது.

## எதன் வழியாக வரும், எதன் வழியாக வராது

இந்த வைரஸ் பரவப் போதுமான அளவில் இருப்பது ரத்தம், விந்து, விந்துக்கு முன் கசியும் திரவம், யோனித் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றில் மட்டும்தான். அப்படி இருந்தாலும் அது உள்ளே நுழைய வழி வேண்டும். யோனி, ஆசனவாய், ஆணுறுப்பின் நுனி, முன்தோலின் உட்புறம் இவற்றில் உள்ள மென்மையான ஈரச்சவ்வு ஒரு வழி. வெட்டுக்காயம் அல்லது ஊசி வழியாக நேரே ரத்தத்தில் கலப்பது இன்னொரு வழி. கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தாயிடமிருந்து குழந்தைக்கும் போகலாம். காயமில்லாத தோல் இதற்குப் பூட்டிய கதவு.

எச்சில், வியர்வை, கண்ணீர், கொசுக்கடி, கைகுலுக்கல், கட்டிப்பிடித்தல், ஒரே கழிப்பறை, ஒரே தட்டு, ஒரே துண்டு, இவற்றால் வராது. உடம்புக்கு வெளியே வந்ததும் இந்த வைரஸ் சீக்கிரமே தொற்றும் திறனை இழந்துவிடும். வாய்வழி உறவில் ஆபத்து பூஜ்யம் என்று சொல்ல முடியாது, ஆனால் மிக மிகக் குறைவு.

'வெளியே எடுத்துவிட்டோமே' என்று சிலர் ஆறுதல் அடைகிறார்கள். அது பாதுகாப்பு இல்லை. முன்னால் கசியும் திரவத்திலும் வைரஸ் இருக்கலாம், சவ்வு உரசலும் நடந்திருக்கிறது. பதற்றத்தில் கிருமிநாசினியை ஊற்றி உள்ளே கழுவுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அது சவ்வை அரித்துப் புண்ணாக்கும், அதாவது கதவைத் திறந்துவிடும். வெளிப்புறத்தைச் சாதாரணத் தண்ணீரில் கழுவினால் போதும்.

## 'ஒருமுறைதானே' என்பதன் கணக்கு

ஒரு பையில் 10,000 வெள்ளை மணிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் சிலவற்றை மட்டும் எடுத்துவிட்டுச் சிவப்பு மணிகளைப் போடுகிறோம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணியை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் தொற்று.

இணையருக்கு எச்.ஐ.வி. இருந்து, அவர் சிகிச்சையும் எடுக்காமல், ஆணுறையும் இல்லாமல் நடக்கும் ஒரு தடவை உறவுக்கு ஆய்வாளர்கள் சொல்லும் சராசரிக் கணக்கு இது. யோனிவழி உறவில் பெண்ணின் பையில் 8 சிவப்பு மணி, ஆணின் பையில் 4. ஆசனவாய்வழி உறவில் ஏற்றுக்கொள்பவரின் பையில் 138, மற்றவர் பையில் 11. ஆசனவாய்ச் சவ்வு மெல்லியது, எளிதில் கிழிவது. அதனால்தான் அந்த எண் இவ்வளவு பெரிதாக இருக்கிறது.

இதைக் கேட்டதும் இரண்டு விதமாகத் தடுமாறலாம். '10,000-இல் 8-தானே' என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போவது ஒன்று. பைக்கு ஞாபகசக்தி கிடையாது, முதல் தடவையே சிவப்பு வரலாம். பல தடவை கை விட்டால், ஒருமுறையாவது சிவப்பு வரும் மொத்த வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். 'கண்டிப்பாக வந்துவிட்டது' என்று இடிந்து உட்கார்வது இன்னொன்று. பெரும்பாலான கைகளில் வெள்ளை மணிதான் இருக்கும். அதிலும் இது இணையருக்கு வைரஸ் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. அவருக்கு இல்லாவிட்டால் பையில் சிவப்பே கிடையாது.

சில விஷயங்கள் சிவப்பு மணிகளைக் கூட்டும். யாராவது ஒருவருக்குப் பால்வினைப் புண் இருப்பது, ரத்தக் கசிவு, எல்லாவற்றுக்கும் மேலாக ரத்தத்தில் வைரஸ் ஏராளமாக இருப்பது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் எத்தனை வைரஸ் இருக்கிறது என்ற எண்ணிக்கையை வைரல் லோடு என்பார்கள். தொற்றிய முதல் சில வாரங்களில் அது உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் பலருக்குத் தமக்குத் தொற்று இருப்பதே தெரியாது.

மணிகளை அடியோடு அகற்றுவதும் உண்டு. மருந்து எடுத்து, வைரல் லோடு 200-க்குக் கீழே நிலையாக இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக எச்.ஐ.வி. பரவாது. பார்ட்னர் என்ற பெயரில் நடந்த ஆய்வின் முடிவு 2016-இல் வந்தது. ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்த 888 ஜோடிகள் ஆணுறையில்லாமல் சுமார் 58,000 முறை உறவு கொண்டதில், மருந்து எடுத்துவந்த அந்தத் துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்று போகவில்லை. தமக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, மருந்து சாப்பிடுகிறேன், வைரல் லோடு தெரியாத அளவில் இருக்கிறது என்று சொல்லும் ஒருவர், 'எனக்கு ஒன்றும் இல்லை' என்று டெஸ்டே எடுக்காமல் சொல்லும் ஒருவரைவிடப் பாதுகாப்பான இணையர். இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்துப் பாருங்கள். நாம் யாரைப் பார்த்துப் பயப்படுகிறோம் என்பதே தலைகீழாக இருக்கிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: வைரஸ் வரக் குறிப்பிட்ட திரவமும் குறிப்பிட்ட வழியும் வேண்டும். ஒரு தடவையில் வரும் வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. அதனால்தான் ஊகிக்காமல் பரிசோதிக்கிறோம்.

## அந்த மூன்று நாளில் உள்ளே என்ன நடக்கிறது

72 மணி நேரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? வைரஸ் உள்ளே நுழைந்த உடனே ரத்தமெல்லாம் பரவிவிடுவதில்லை. முதலில் நுழைந்த இடத்துச் சவ்வில் உள்ள சில செல்களில் ஒட்டிக்கொள்கிறது. அங்கிருந்து நிணநீர்க் கணுக்களுக்கு, அதாவது சி.டி.4 செல்கள் கூட்டமாக இருக்கும் முகாம்களுக்குப் போகிறது. இதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கிறது. முகாமுக்குள் போய்விட்டால் அப்புறம் பெருகுவது தடதடவென நடக்கும்.

ஒரு செல்லுக்குள் நுழைந்ததும் வைரஸ் செய்யும் வேலை வினோதமானது. வீட்டுக்குள் புகுந்தவன், வீட்டுப் பத்திரத்தை எடுத்துத் தன் பெயரையும் அதே மொழியில் எழுதி நடுவில் ஒட்டிவிடுவதுபோல. அந்தச் செல்லின் டி.என்.ஏ.தான் பத்திரம். வைரஸ் முதலில் தன்னிடமுள்ள குறிப்பை டி.என்.ஏ. மொழிக்கு மாற்றி எழுதுகிறது. பிறகு அதைச் செல்லின் டி.என்.ஏ.வுக்குள் செருகுகிறது. செருகிய பிறகு, எது வீட்டுக்காரர் எழுதியது, எது வந்தவன் எழுதியது என்று பிரிக்க முடியாது. எச்.ஐ.வி.யை இன்றுவரை மருந்தால் கட்டுப்படுத்த முடிகிறதே தவிர, உடம்பை விட்டு முழுதாக விரட்ட முடியாததற்குக் காரணம் இதுதான்.

பெப் மருந்து இந்த இடத்தில்தான் குறுக்கே நிற்கிறது. அதில் உள்ள மருந்துகளில் சில, மாற்றி எழுதுவதைத் தடுக்கும். இன்னொன்று, செருகுவதைத் தடுக்கும். ஏற்கெனவே தொற்றிய சில செல்கள் மடிந்து ஓயும்வரை புதிதாக எதுவும் தொற்றாமல் காவல் இருக்க வேண்டும் என்பதால்தான் 28 நாள். இருபதாம் நாளில் 'எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது' என்று நிறுத்திவிடக் கூடாது.

அடிக்கடி இந்த மாதிரிச் சூழலில் இருப்பவர்களுக்கு பிரெப் என்ற மருந்து இருக்கிறது. இது முன்கூட்டியே எடுப்பது. தவறாமல் எடுத்தால் உடலுறவு வழித் தொற்றைச் சுமார் 99 சதவீதம் குறைக்கும். ஒவ்வொரு தடவையும் பயந்து பயந்து பெப்புக்கு ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

## மறுநாள் எடுத்த டெஸ்ட் ஏன் பதில் சொல்லாது

விதை போட்ட மறுநாள் தோட்டத்தில் போய் நின்றால் வெறும் மண்தான் தெரியும். அதை வைத்து விதை இல்லை என்று சொல்ல முடியுமா? முளைக்க நாள் வேண்டும். எச்.ஐ.வி. தொற்றிய நாளுக்கும், பரிசோதனையில் அது தெரியத் தொடங்கும் நாளுக்கும் நடுவில் உள்ள அந்த மண் மூடிய காலத்தை சாளரக் காலம் என்பார்கள். விண்டோ பீரியட் என்று ஆய்வகங்களில் சொல்வதும் இதைத்தான். தொற்றிய முதல் 10 நாள் அளவுக்கு எந்தப் பரிசோதனையாலும், எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும், நம்பிப் பிடிக்க முடியாது.

அப்படியானால் மறுநாள் எடுக்கும் டெஸ்ட் வீணா? வீணில்லை. அது வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது: இந்தச் சம்பவத்துக்கு முன்பே எனக்குத் தொற்று இருந்ததா? பெப் தொடங்கும் முன் மருத்துவர் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்வது அதற்காகத்தான். போன வாரத்து ராத்திரியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இதே காரணத்தால், 'அவர் போன மாதம் எடுத்த நெகட்டிவ் ரிப்போர்ட்டைக் காட்டினாரே' என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்தக் காகிதம் அவருடைய சாளரக் காலத்துக்கு முந்தைய கதையைத்தான் சொல்கிறது. உங்கள் நெகட்டிவ் முடிவை வைத்து உங்கள் இணையருக்கும் தொற்று இல்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. அவருக்கு இருந்து, உங்களுக்கு வெள்ளை மணி வந்திருக்கலாம். இருவரும் எடுக்க வேண்டும்.

## மூன்று வகைப் பரிசோதனை, மூன்று விதமான நாள் கணக்கு

ஒரு ஊருக்குள் திருடன் நுழைந்துவிட்டான் என்று மூன்று வழிகளில் தெரிந்துகொள்ளலாம். அவனையே நேரில் பார்க்கலாம். அவன் சட்டைப் பொத்தான் கீழே விழுந்து கிடப்பதைக் காணலாம். அல்லது ஊரார் அவனைப் பார்த்து எழுதிக் கொடுத்த புகார் கையில் கிடைக்கலாம். புகார் எழுத நாள் ஆகும், அதனால் அது கடைசியில்தான் வரும்.

நேரில் பார்ப்பதுதான் நாட் அல்லது ஆர்.என்.ஏ. பரிசோதனை. வைரஸின் மரபுப்பொருளையே ரத்தத்தில் தேடும். தொற்றிய 10 முதல் 33 நாளுக்குள் பிடித்துவிடும். எல்லோருக்கும் இது எடுப்பதில்லை. ஆபத்து அதிகம் என்று தெரிந்தபோதோ, சந்தேகமான அறிகுறி இருக்கும்போதோ மருத்துவர் கேட்பார்.

பொத்தானைத் தேடுவது என்றால், வைரஸின் உட்பகுதியில் பி24 என்று ஒரு புரதம் உண்டு, அதைத் தேடுவது. உடம்புக்கு அந்நியமான இப்படிப்பட்ட பொருளுக்கு ஆன்டிஜென் என்று பெயர். இன்று பல ஆய்வகங்களில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை பொத்தானையும் புகாரையும் சேர்த்தே தேடும். கை நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்தால் 18 முதல் 45 நாளுக்குள் தெரிந்துவிடும். அதாவது, 45 நாள் முடிந்த பிறகு இந்தப் பரிசோதனையில் நெகட்டிவ் வந்தால், அந்தச் சம்பவத்தைப் பொறுத்தவரை அது இறுதி முடிவு.

புகாருக்கு மருத்துவப் பெயர் ஆன்டிபாடி, அதாவது வைரஸை எதிர்த்து நம் உடம்பே செய்யும் எதிர்ப்பொருள். இதை மட்டும் தேடும் பரிசோதனைகளில் விரல் நுனி ரத்தத்தில் உடனடியாகப் பார்க்கும் பல கிட்களும், வீட்டிலேயே செய்துகொள்ளும் கிட்களும் சேரும். இவற்றுக்கு 23 முதல் 90 நாள். 90 நாள் முடிந்து நெகட்டிவ் வந்தால் அதுவும் இறுதியானதுதான்.

பெப் சாப்பிட்டவர்களுக்கு மட்டும் கணக்கு கொஞ்சம் தள்ளிப் போகும். மருந்து வைரஸை அடக்கி வைப்பதால் அதன் தடயம் தாமதமாகத் தெரியலாம். பொதுவாக மருந்து முடிந்த பின் ஒரு டெஸ்ட், சம்பவம் நடந்து 12 வாரம் ஆனதும் இன்னொன்று எடுப்பார்கள். உங்கள் மருத்துவர் சொல்லும் தேதியை அப்படியே பின்பற்றுங்கள்.

சரி, இவ்வளவையும் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சிரமம் என்றால் இரண்டு எண் போதும்: ஆய்வகத்து நான்காம் தலைமுறைக்கு 45 நாள், ஆன்டிபாடி மட்டும் தேடும் கிட்டுக்கு 90 நாள். டெஸ்ட் எடுக்கும் இடத்தில் 'இது எந்தத் தலைமுறை?' என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

## அந்தக் கோடு எப்படி வருகிறது

விரல் நுனிப் பரிசோதனை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டால் பாதி நடுக்கம் போய்விடும். கட்டைவிரல் நீளத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பட்டை. ஒரு முனையில் சின்னக் குழி. நடுவில் ஒரு ஜன்னல். அதன் ஓரத்தில் சி (C), டி (T) என்று இரண்டு எழுத்து. மோதிர விரலின் பக்கவாட்டில் ஒரு சின்னக் குத்து. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்து வரும் ரத்தத்தைக் குழியில் விடுவார்கள். மேலே இரண்டு சொட்டு திரவம். இளஞ்சிவப்பாக ஒரு ஈரம் ஜன்னலில் மெல்ல ஊர்ந்து போகும்.

ஜன்னலில் டி என்ற இடத்தில், கண்ணுக்குத் தெரியாமல், வைரஸின் புரதத்தை ஒரு கோடாகப் பூசி வைத்திருப்பார்கள். ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்தால் அது அங்கே வந்து ஒட்டிக்கொள்ளும், கூடவே நிறத் துகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பல கிட்களில் இந்த நிறத் துகள் மிக நுண்ணிய தங்கம். அவ்வளவு சிறிதாகும்போது தங்கம் சிவப்பாகத் தெரியும். சி என்ற இடத்தில் கோடு எப்போதும் வர வேண்டும். கிட் சரியாக வேலை செய்தது என்பதற்கான அத்தாட்சி அது. அது வராவிட்டால் அந்த டெஸ்ட் செல்லாது, வேறு கிட்டில் மறுபடி செய்ய வேண்டும்.

15 முதல் 20 நிமிடத்தில், அட்டையில் போட்டிருக்கும் நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். பட்டையைப் பத்திரப்படுத்தி, மூன்று மணி நேரம் கழித்து விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து 'லேசாக ஒரு கோடு தெரிகிறதே' என்று கலங்குகிறவர்கள் பலர். நேரம் கடந்தபின் காய்ந்துபோய்த் தெரியும் நிழலுக்கு அர்த்தம் கிடையாது. அதே சமயம் சொன்ன நேரத்துக்குள் மங்கலாகக் கோடு வந்தாலும், அது வந்ததுதான். அதை அடுத்த பரிசோதனையால் உறுதி செய்ய வேண்டும்.

## அறிகுறியை நம்பாதீர்கள், இரண்டு பக்கமும்

தொற்றிய 2 முதல் 4 வாரத்தில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் சிவந்த தடிப்பு, நெறி கட்டுதல், தசைவலி எல்லாம் வரும். இதே பட்டியல் சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் பொருந்தும். தூக்கமில்லாத இரவு, சரியாகச் சாப்பிடாத பகல், சதா படபடப்பு, இவையே தலைவலி, வயிற்றுப்போக்கு, வியர்வை, உடல் அசதி எல்லாவற்றையும் கொண்டுவரும். கழுத்தை ஒரு நாளைக்கு இருபது தடவை அமுக்கினால் அங்கே வலிக்காமல் என்ன செய்யும்?

இன்னொரு பக்கம், தொற்று வந்த பலருக்கு எந்த அறிகுறியும் வருவதில்லை, அல்லது கவனிக்காமலே போய்விடுகிறது. அதனால் காய்ச்சல் வந்தது தொற்றுக்கு அத்தாட்சியும் இல்லை, காய்ச்சல் வராதது விடுதலையும் இல்லை. உடம்பைக் கேட்டால் அது இரண்டு பக்கமும் பொய் சொல்லும். தேதியைக் கேட்டால்தான் உண்மை வரும்.

## காத்திருக்கும் நாட்களில்

ஒரு காகிதத்தில் சம்பவம் நடந்த தேதியை எழுதி, அதோடு 45 நாளைக் கூட்டி ஒரு தேதி, 90 நாளைக் கூட்டி ஒரு தேதி எழுதி வையுங்கள். நடுவில் ஒரு டெஸ்ட் எடுத்தால் மனசு கொஞ்சம் அடங்கும் என்றால் நான்காவது வாரத்தில் எடுங்கள். தொற்று வந்தவர்களில் பெரும்பாலோருக்கு நான்காம் தலைமுறைப் பரிசோதனை அதற்குள் காட்டிக்கொடுத்துவிடும். தினம் தினம் எடுப்பதால் எதுவும் சீக்கிரம் தெரியப்போவதில்லை.

முடிவு தெரியும்வரை ஆணுறை இல்லாமல் யாரோடும் உறவு வேண்டாம். கட்டிய துணையோடும்தான். ரத்ததானமும் செய்யாதீர்கள். 'ரத்தம் கொடுத்தால் அவர்களே டெஸ்ட் செய்து சொல்லிவிடுவார்களே' என்று நினைத்துப் போவது பெரிய தவறு. நீங்கள் சாளரக் காலத்தில் இருந்தால் அந்த ரத்தம் பரிசோதனையையும் தாண்டி, ஒன்றும் அறியாத ஒரு நோயாளியின் உடம்புக்குள் போய்விடலாம்.

எச்.ஐ.வி.யை மட்டுமே நினைத்துக்கொண்டு, அதைவிட எளிதில் தொற்றும் மற்றவற்றை மறந்துவிடுகிறோம். மேகவெட்டை (கொனோரியா), கிளமிடியா, கிரந்தி (சிபிலிஸ்), ஹெபடைட்டிஸ் பி. முதல் மூன்றுக்கும் ஆன்டிபயாடிக் உண்டு. ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு. மருத்துவரிடம் போகும்போது இவற்றுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு மறைத்தால் அவர் தவறான இடத்தில் தேட நேரும். எந்த வழியில் உறவு, ஆணுறை இருந்ததா, எந்தத் தேதி, இவ்வளவு சொன்னால் போதும்.

## 'ரியாக்டிவ்' என்று வந்தால்

முதல் கிட்டில் கோடு வந்தால் அதை ரியாக்டிவ் என்பார்கள். பாசிட்டிவ் என்று உடனே சொல்ல மாட்டார்கள். காரணம் உண்டு. கணக்குக்காக 10,000 பேரை எடுத்துக்கொள்வோம். அதில் 10 பேருக்கு உண்மையில் தொற்று இருக்கிறது. பரிசோதனை மிக நல்லது, தொற்றில்லாத 1,000 பேரில் 2 பேருக்கு மட்டும் தவறிக் கோடு போடுகிறது. அப்படியும் தவறான கோடு சுமார் 20 பேருக்கு வரும், உண்மையான கோடு 10 பேருக்கு. மொத்தம் 30 கோட்டில் 20 பொய்! அதனால்தான் வெவ்வேறு வகைக் கிட்களில் மறுபடி மறுபடி பார்க்கிறார்கள். மூன்று பரிசோதனை தொடர்ந்து ரியாக்டிவ் ஆனால்தான் பாசிட்டிவ் என்று சொல்ல வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

உறுதியாகிவிட்டால்? அன்று மாலை உலகம் இருண்டுவிட்டதுபோல இருக்கும். அந்த உணர்வைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அன்றைக்கே மருந்தைத் தொடங்கலாம். பலருக்கு தினம் ஒரே ஒரு மாத்திரை. ஆறு மாதத்துக்குள் பெரும்பாலோருக்கு வைரஸ் கருவிக்கே தெரியாத அளவுக்கு இறங்கிவிடும். சீக்கிரம் தொடங்கியவர்கள் மற்றவர்களைப்போலவே கிட்டத்தட்ட முழு ஆயுளும் வாழ்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்கிறார்கள், தொற்றில்லாத குழந்தை பெற்றுக்கொள்கிறார்கள். உலகத்தில் இன்று சுமார் 4 கோடிப் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள். அவர்களில் யாரும் உங்களைப் பார்த்து 'நீ எப்படி வாங்கினாய்?' என்று கேட்கப்போவதில்லை.

## நெகட்டிவ் வந்தும் தூக்கம் வராதவர்களுக்கு

45 நாள் தாண்டி ஆய்வகத்தில் நெகட்டிவ். 90 நாளில் மறுபடி நெகட்டிவ். ஆனாலும் சிலருக்கு மனம் ஒப்பாது. 'ஒருவேளை என் உடம்பு மட்டும் தாமதமாக ஆன்டிபாடி செய்தால்? ஆய்வகத்தில் ரத்தம் மாறிப்போயிருந்தால்?' வேறொரு ஆய்வகம், வேறொரு பெயர், இன்னொரு டெஸ்ட். ஒவ்வொரு நெகட்டிவும் இரண்டு நாள் நிம்மதி தரும், மூன்றாம் நாள் சந்தேகம் திரும்பி வரும்.

இந்த நிலையில் இருப்பவர்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அவர்கள் படும் வேதனை நிஜம். ஆனால் பெரும்பாலும் அவர்களை வதைப்பது வைரஸ் இல்லை, அந்த ராத்திரி. யாரிடமும் சொல்ல முடியாத குற்ற உணர்ச்சி, துணைக்குத் துரோகம் செய்துவிட்டோம் என்ற எண்ணம், தண்டனை வந்தே தீரும் என்ற நம்பிக்கை. ரத்தப் பரிசோதனையில் இதற்குப் பதில் வராது. மனநல மருத்துவரிடமோ, எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் இருக்கும் கவுன்சிலரிடமோ இதை வாய்விட்டுச் சொல்லலாம். அவர்கள் இதே கதையைப் பலரிடம் கேட்டிருப்பார்கள், அதிர்ச்சி அடைய மாட்டார்கள். போகும்போது அந்த ரிப்போர்ட்டுகளோடு, தேதி எழுதி வைத்த காகிதத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். அதில் இருக்கும் இரண்டாவது தேதி கடந்து நெகட்டிவ் வந்துவிட்டதென்றால், அந்த ஒரு ராத்திரிக்காக நீங்கள் இனி இன்னொரு தடவை விரலை நீட்ட வேண்டியதில்லை.